குடிப்பவர் அறியாத அளவு

ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்தில், சேயாறு மலையை விட்டிறங்கிச் சமவெளியில் நடக்கத் தொடங்கும் பிரதேசத்தில் இருக்கும் செங்கத்தைத் தமிழ் படித்தவர்கள் இரண்டு காரணங்களால் அறிவார்கள். பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டாகிய மலைபடுகடாத்தில், பெருங்கௌசிகனார் கூத்தர்களை வழிகாட்டி அனுப்பிவைக்கும் நன்னனுடைய தலைநகரம் இதுவே என்பது ஒன்று. பல்லவர் காலந்தொட்டு, ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் மாண்ட வீரர்களுக்கு நட்ட கற்கள் இந்த வட்டாரத்து வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் திரளாகக் கிடைத்து, 1972இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்று ஒரு நூலே வெளியிட நேர்ந்தது மற்றொன்று. இரண்டிலும் நிலைத்து நிற்பது கல்தான். மூன்றாவதாக ஒரு விஷயமும் இந்தக் கல்லைப் பற்றி உண்டு. அதைப் புலவர் பாடியதில்லை. வட்டெழுத்தில் எவரும் பொறித்ததுமில்லை. காலம் காலமாக அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும் இந்தக் கல், பூமிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், குடிநீரில் கரைந்துகொண்டிருக்கிறது என்பதே அது.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர், திருவண்ணாமலை என்று வரிசையாக அமைந்த நம்முடைய வடமேற்கு மாவட்டங்களின் அடித்தளம் நைஸ், சார்னோகைட், கிரானைட் முதலிய பழம்பாறைகளால் ஆனது. அந்தப் பாறைகளில் அப்ரகத்தின் இனமான பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்கள் உண்டு. அவற்றின் உடம்புக்குள் புளோரின் என்னும் மூலகம் அடங்கிக் கிடக்கிறது. பாறையின் வெடிப்புகளில் நெடுங்காலம் தேங்கி நிற்கும் நீர், மெல்ல மெல்லக் காரத்தன்மை அடைந்து, தன்னிடமுள்ள சுண்ணாம்புச் சத்தை இழந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்ததாக மாறும்போது, புளோரைடைத் தடுத்து நிறுத்துவதற்கு அங்கே கால்சியம் இல்லாமற் போகிறது. ஆகவே மழை பெய்த மறுநாள் கிணற்றில் ஊறும் நீரில் அற்பமாக இருக்கும் அந்த வஸ்து, பல நூறு அடிக்குக் கீழே பல காலம் கிடந்த நீரில் மிகுதியாக இருக்கிறது. எல்லா ஊரிலும் அப்படி என்று சொல்ல முடியாது. ஒரு தெருவின் போரில் இல்லாதது அடுத்த தெருவின் போரில் இருக்கக்கூடும். பாறையின் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் அதுவும் ஓடுகிறது.

மனிதனுக்கு நீரை ஆராய்வதற்கென்று இயற்கை கொடுத்த கருவி நாக்கு. நம் ஊர்களில் அந்த நாக்கின் தீர்ப்பை வைத்தே நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, சப்பைத் தண்ணி என்று கிணறுகளைப் பிரித்தார்கள். நாக்குக்குத் துணையாக அடுப்பும் துவைகல்லும் இருந்தன. பருப்பு குழைய வேகிறதா, சவுக்காரம் நுரைக்கிறதா என்று பார்த்தால் போதும். தண்ணீரின் குலம் கோத்திரம் தெரிந்துவிடும். செங்கத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, குழாயடியில் குடத்தை இறக்கிவைத்த ஒரு தாய் என்னிடம் கேட்டாள்: “தண்ணி நல்லாத்தான கீது சார்? உப்புக் கரிக்கல, பருப்பு நல்லா வேவுது, சோப்பு நொரைக்குது. அப்புறம் எதை வச்சுக் கெட்ட தண்ணின்னு சொல்றீங்க?” அவளுடைய கேள்வியில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அனுபவ ஞானம் இருந்தது, அந்த ஞானம் முழுவதையும் தோற்கடித்துவிடும் சுபாவம் அந்த வஸ்துவுக்கு இருந்தது. புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, நாம் குடிக்கும் அளவுகளில் ருசியும் இல்லை. அதற்கும் மேலாக, சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்னீரில்தான் அது பெரும்பாலும் ஏறுகிறது என்பதால், பருப்பை நன்றாக வேகவைக்கும் தண்ணீரே பல சமயம் அதை அதிகமாகச் சுமந்து வருகிறது. நாக்கும் அடுப்பும் துவைகல்லும் ஒருமித்து நற்சான்று கொடுக்கும் நீர், எலும்புக்கு மட்டும் சத்துருவாக இருக்கிறது.

அது சரீரத்தில் செய்கிற காரியத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நம் பல்லும் எலும்பும் ஹைட்ராக்சி அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் படிகத்தால் ஆனவை. அந்தப் படிகத்தில் ஹைட்ராக்சில் இருக்கவேண்டிய இடத்தில் புளோரைடு வந்து உட்கார்ந்துகொள்ளும் சக்தி உடையது. சிறிதளவு உட்கார்ந்தால் பற்சிப்பி உறுதிப்படுகிறது. வாயில் உண்டாகும் அமிலம் அதை எளிதில் அரிப்பதில்லை. மிகுதியாகப் புகுந்தாலோ, அதுவும் நிலைப்பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பருவத்தில் புகுந்தால், பற்சிப்பி முழுமையாகக் கெட்டிப்படாமல் நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட குழந்தையின் முன்பல்லை வெளிச்சத்தில் பார்த்தால், முதலில் சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைத் திட்டுகள் தெரியும். பிறகு பல்லின் குறுக்கே, ஈறுக்கு இணையாக, மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள் ஓடும். முற்றிய நிலையில் பல்லின் மேற்புறம் குழி குழியாகப் பெயர்ந்திருக்கும். இரண்டு பக்கத்துப் பற்களிலும் ஒரே மட்டத்தில் அந்தக் கோடு இருப்பது அதன் அடையாளம். தேய்த்தால் அது போகாது. பல் துலக்காத பிள்ளை என்று வகுப்பில் ஏச்சு வாங்கி, சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிடுகிற குழந்தைகளுக்கு, தாங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று சொல்லுவார் இல்லை.

பல்லில் தெரிவது எச்சரிக்கை மாத்திரமே. அதே நீரை இருபது முப்பது வருஷம் குடிப்பவருக்கு எலும்பு அளவுக்கு மீறி அடர்த்தியாகி, தசைநார்களிலும் சுண்ணாம்பு படிந்து, மூட்டுகள் இறுகுகின்றன. கழுத்தைத் திருப்ப முடியவில்லை, குனிய முடியவில்லை, சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை என்று தொடங்கி, முதுகெலும்பு முழுவதும் ஒரே தண்டாக இறுகிக் கூனிப்போகிறவர்களும் உண்டு. வயதாகிவிட்டது, வாதம் பிடித்துவிட்டது என்று வீட்டார் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். படிந்த கேட்டை நீக்க மருந்தில்லை. தண்ணீரை மாற்றுவதும், இனி வரும் குழந்தைகளைக் காப்பதுமே வழி.

இந்த நோயின் சரித்திரத்தில் நம் சென்னைக்கு முக்கியமான ஸ்தானம் உண்டு என்பதைத் தமிழர்கள் பலர் மறந்துவிட்டோம். அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில், நடுவயதிலேயே முதுகு இறுகி, நிமிரவும் குனியவும் இயலாமல் முடங்கிய கிராமவாசிகளைப் பற்றி ஆராய்ந்து, அதற்குக் காரணம் அவர்கள் குடித்த நீரிலுள்ள புளோரைடுதான் என்று கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் 1937இல் எழுதினார்கள். இந்தியாவில் மனிதருக்கு வரும் எலும்புப் புளோரோசிஸ் பற்றிய ஆராய்ச்சிக்கு அந்தக் கட்டுரையே அஸ்திவாரம். எக்ஸ்ரே படங்களால் அந்த எலும்புகளின் அடர்த்தியைக் காட்டிக்கொடுத்த பர்னார்டின் பெயரால்தான் சென்னை மருத்துவக் கல்லூரியின் கதிரியல் நிலையம் இன்றும் விளங்குகிறது. ஆக, விஷயம் தெரிந்து எண்பது வருஷங்களுக்கு மேலாகிறது. தெரியாமல் நேர்ந்த துன்பத்துக்குக் காலத்தைக் குறை சொல்லலாம். தெரிந்த பிறகும் தொடரும் துன்பத்துக்குப் பொறுப்பாளிகள் உண்டு.

ஆயினும் இந்த வஸ்துவை விஷம் என்று ஒரே சொல்லில் முத்திரை குத்திவிடுவதும் நியாயமாகாது. கடல் கடந்த தேசத்தில் நடந்த வேறொரு கதை அதைச் சொல்லுகிறது. 1901இல் அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு வைத்தியம் பார்க்க வந்த மக்கே என்னும் பல் மருத்துவர், அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்கள் பழுப்பேறியிருப்பதைக் கண்டு திகைத்தார். அப்படிப் பழுப்பேறிய பற்களில் சொத்தை குறைவாக இருப்பதைக் கண்டு மேலும் திகைத்தார். முப்பது வருஷம் அவர் விடாமல் தேடிய காரணத்தை, 1931இல் சர்ச்சில் என்னும் ரஸாயன அறிஞர் நீரைப் பரிசோதித்துப் புளோரைடு என்று கண்டு சொன்னார். பிறகு டீன் என்பவர் ஊர் ஊராகப் பற்களையும் நீரையும் ஒப்பிட்டு, ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இருந்தால் சொத்தை குறைகிறது, பல்லும் பெரிதாகக் கறைபடுவதில்லை என்று நிலைநாட்டினார். 1945 ஜனவரியில் மிச்சிகன் மாகாணத்து கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் தன்னுடைய குடிநீரில் புளோரைடை வேண்டுமென்றே கலக்கத் தொடங்கியது. அங்கே பிறந்து வளர்ந்த குழந்தைகளின் பற்சொத்தை பாதிக்கும் கீழாகக் குறைந்தது. எந்தப் பொருள் நெல்லூரில் முதுகை ஒடித்ததோ, அதே பொருளை எட்டே வருஷத்துக்குள் இன்னொரு தேசம் காசு கொடுத்து வாங்கித் தன் குழந்தைகளுக்குப் புகட்டியது. இரண்டும் உண்மை, இரண்டுக்கும் இடையில் நின்றது லிட்டருக்குச் சில மில்லிகிராம் பேதம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னதை இந்த இடத்தில் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். பழமொழி சத்தியமானது; ஆனால் அதற்குள்ளே ஓர் அனுமானம் அடங்கியிருக்கிறது. உண்பவன் தன் இலையில் விழுவதைப் பார்க்கிறான், போதும் என்று கை காட்ட அவனால் முடியும் என்பதே அந்த அனுமானம். உப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றின் விஷயத்தில் அது ஓரளவு பொருந்தும். நித்தியம் நம் உடம்புக்குள் போகிற ரஸாயனங்களில் பெரும்பாலானவை அப்படி இலையில் விழுந்து கண்ணுக்குத் தெரிபவை அல்ல. அவற்றின் அளவை நிர்ணயிப்பது வேறு யாரோ, அனுபவிப்பது நாம். ஆகவே இவற்றைப் பொறுத்தவரை மிதம் என்பது தனிமனிதனுடைய ஒழுக்கமாக மட்டும் இருந்தால் போதாது. அது ஒரு சமூகத்தின் கடமையாக வேண்டும். நான் சொல்ல வந்த விஷயம் இதுதான்.

அளந்து கொடுத்தபோது ரஸாயனம் மனித குலத்துக்குச் செய்திருக்கும் உபகாரத்துக்கு எல்லையில்லை. 1915 ஏப்ரலில் ஈப்ர் போர்க்களத்தில் சிப்பாய்களின் நுரையீரலை அழித்த குளோரின், அதற்கு ஏழு வருஷம் முன்பே, 1908இல், ஜெர்சி நகரத்தின் குடிநீரில் நிரந்தரமாகக் கலக்கப்பட்டு, விஷ ஜுரத்தையும் பேதியையும் விரட்டத் தொடங்கியிருந்தது. நம் ஊராட்சித் தொட்டியில் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுகிற டேங்க் ஆபரேட்டர், அந்தக் கணக்கில் தவறாமல் இருக்கும் நாள்வரை, பெரிய டாக்டர்களுக்குச் சமமாக உயிர்களைக் காப்பாற்றுகிறார். இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமியும் சகாக்களும் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சி, உப்பில் இம்மியளவு அயோடின் சேர்த்தால் கழுத்துக் கழலை குறைகிறது என்று பிரத்தியட்சமாகக் காட்டியது. இன்று கடையில் வாங்கும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்கவேண்டும் என்ற விதி அந்த வழியில் வந்ததே. இந்த நன்மைகளுக்கெல்லாம் பின்னால் ஒருவர் அளந்திருக்கிறார். இன்னொருவர் அதைச் சரிபார்த்திருக்கிறார்.

புளோரைடின் விஷயத்தில் நடந்தது வேறு. இங்கே கலந்தது பூமி. கலக்கட்டும் என்று கதவைத் திறந்துவிட்டது நம்முடைய நல்லெண்ணம். ஏரியும் திறந்த கிணறும் காலராவையும் நரம்புச் சிலந்தியையும் பரப்பிய காலத்தில், ஆழத்திலிருந்து கிருமியற்ற நீரைக் கொண்டுவருவதற்காக ஊர்தோறும் போர் போட்டு அடிபம்பு நட்டார்கள். எழுபதுகளில் உருவான ‘இந்தியா மார்க் 2’ அடிபம்பு எத்தனை குழந்தைகளைப் பேதியிலிருந்து காத்தது என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும். அடிபம்புக்குப் பிறகு மோட்டார் வந்தது. மோட்டாருக்குப் பிறகு வறட்சி வந்தது. நூறடியில் கிடைத்த நீருக்கு ஐந்நூறு அடி, எண்ணூறு அடி என்று இறங்கினோம். கிருமியை அளந்தவர்கள் கனிமத்தை அளக்க மறந்தார்கள். ஒரே குழாயின் வழியாக ஆயுளும் வந்தது, அங்கவீனமும் வந்தது.

இதில் அநியாயம் எங்கே குடியிருக்கிறது என்பதைச் சின்னக் கணக்கொன்று காட்டும். குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு நீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்லுகிறது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நாளுக்கு இரண்டு லிட்டர் குடிப்பவருக்கு, அந்த உச்ச வரம்பில் கிடைப்பது 3 மில்லிகிராம். சித்திரை வெயிலில் கல் உடைத்தோ, மணிலாச் செடி பிடுங்கியோ, நூறு நாள் வேலையில் மண் வெட்டியோ ஆறு லிட்டர் குடிப்பவருக்குக் கிடைப்பது 9 மில்லிகிராம். உணவும் நீரும் சேர்ந்து நாளுக்கு 6 மில்லிகிராமைத் தாண்டினாலே எலும்புக்கு அபாயம் கூடுவதற்கான அறிகுறிகள் உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் எழுதியிருக்கிறது. சட்டத்தின் வரம்புக்குள் நிற்கும் அதே தண்ணீர், உழைக்காதவரை விட்டுவிட்டு உழைப்பவரைத் தண்டிக்கிறது. பால், முட்டை, கீரை என்று சுண்ணாம்புச் சத்தும் புரதமும் கிடைக்கும் வீட்டில் கேடு தாமதிக்கிறது. கிடைக்காத வீட்டுக் குழந்தையின் கால் எலும்பை வளைக்கிறது. 1970களில் நல்கொண்டாப் பகுதியில் முழங்கால்கள் உள்நோக்கி மடிந்த இளைஞர்களை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் கண்டு எழுதியது இந்தச் சோகத்தையே. நூறு கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் கொண்ட கேழ்வரகைக் கைவிட்டு, வெறும் வெள்ளைச் சோற்றுக்கு இந்த வட்டாரம் மாறியதில் நாம் இழந்த காப்பும் இதனோடு சேர்த்து எண்ணத் தக்கது.

பரிகாரங்கள் இல்லாமலில்லை. ஆனால் நமக்குப் பழக்கமான பரிகாரம் இங்கே பலிக்காது என்பதை முதலில் உரக்கச் சொல்ல வேண்டும். காய்ச்சிக் குடியுங்கள் என்பது கிருமிக்குச் சரியான உபதேசம். புளோரைடோ காய்ச்சினால் ஆவியாகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். மெழுகுவர்த்தி வடிகட்டியும் துணி வடிகட்டியும் அதை நிறுத்தா. படிகாரமும் சுண்ணாம்பும் உரிய அளவில் கலக்கிக் கலங்கலைத் தெளியவைத்து மேல்நீரை எடுக்கும் முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970களில் வகுத்து, நோய் மிகுந்த நல்கொண்டாவின் பெயரையே அதற்கு இட்டார்கள். நாள்தோறும் கவனித்துச் செய்ய ஆளிருந்தால் அது பயன் தரும். ஆர்.ஓ. இயந்திரம் புளோரைடை நீக்கும். அதோடு நல்ல தாதுக்களையும் நீக்கி, கழிவு நீராகவும் நிறைய வெளியே தள்ளும். கேன் தண்ணீர் காசுள்ளவருக்கு. எல்லாவற்றிலும் மேலானது ஊற்றையே மாற்றுவது. பக்கத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு, ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்ற நோக்கமும் எழுதப்பட்டது. ஆறு எட்டாத ஊருக்கு வானம் இருக்கிறது. மழைநீரில் புளோரைடு இல்லை என்றே சொல்லிவிடலாம். சுத்தமான கூரையிலிருந்து பிடித்து மூடிய தொட்டியில் காத்தால், ஒரு வீட்டின் குடிக்கும் நீருக்கும் சமையல் நீருக்கும் பெருமளவு ஈடுகொடுக்கும்.

பற்பசை விஷயத்திலும் ஒரு வார்த்தை. நம் நாட்டுப் பற்பசையில் கிலோவுக்கு 1000 மில்லிகிராம் வரை புளோரைடு அனுமதிக்கப்பட்டிருக்கிறது; அதாவது ஒரு கிராம் பசையை விழுங்கும் குழந்தை, வரம்பு நீர் ஒரு லிட்டரில் உள்ளதை விழுங்கிவிடுகிறது. துப்பத் தெரிந்தவருக்கு அது நன்மையே செய்கிறது. சின்னக் குழந்தையின் பிரஷ்ஷில் பட்டாணி அளவைத் தாண்டவேண்டாம். நீரிலேயே புளோரைடு மிகுந்த ஊரில், சிறுவர்களுக்குப் புளோரைடு இல்லாத பசை போதும்.

இத்தனைக்கும் முதற்படி, அளவை அறிவது. அதற்குப் பெரிய சாஸ்திரம் வேண்டியதில்லை. ஊராட்சிகளில் பெண்களுக்குப் பயிற்சி தந்து கொடுக்கப்பட்டிருக்கும் சிறு பரிசோதனைப் பெட்டியில், கண்ணாடிக் குப்பியில் கோடு வரை நீரை ஊற்றி, கொடுத்திருக்கும் திராவகத்தைச் சொட்டுக் கணக்கில் விட்டுச் சற்றுப் பொறுத்தால், நீரின் நிறம் மாறும். இளஞ்சிவப்பாகவே நின்றால் புளோரைடு சொற்பம். ஆரஞ்சாகி மஞ்சளை நோக்கிப் போகப் போக அதிகம். அட்டையிலுள்ள நிறங்களோடு அதை ஒப்பிட்டு எண்ணைப் படிக்கலாம். சந்தேகமிருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பாட்டில் நீரை அனுப்பலாம். குழாயடியில் என்னைக் கேட்ட தாயின் கேள்விக்கு யோக்கியமான விடை இந்தக் குப்பியில்தான் இருக்கிறது. அதை அவள் கண்ணால் பார்க்கும்போது, நாக்குக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

நம் ஊர் மேல்நிலைத் தொட்டிகளின் சுவரில் கொள்ளளவு இத்தனை லிட்டர், திட்டம் இன்னது, மதிப்பீடு இத்தனை லட்சம் என்று எழுதியிருக்கிறது. சுத்தம் செய்த தேதிகூட எழுதப்படுகிறது. அந்தச் சுவரில் இன்னும் ஒரு வரிக்கு இடமுண்டு. இந்த நீரில் புளோரைடு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியில் அளந்தது என்பதே அந்த வரி. உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22 அன்று கிராம சபை கூடுகிறது. செங்கம் வட்டத்திலும், அதையொத்த பாறை நிலத்து ஊர்கள் எல்லாவற்றிலும் இருக்கும் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அன்றைய கூட்டத்தில் எழுந்து நின்று அந்த எண்ணைக் கேளுங்கள், அதைத் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள், தொட்டியின் சுவரில் பெயிண்டால் எழுதும்வரை விடாதீர்கள்.